கொற்கையில் ஏறிய ஓட்ஸ்

வேர்ச்சொல் அண்ணாச்சியிடம் மாட்டாமல் தப்பிய வார்த்தை உலகத்தில் எந்த மொழியிலும் கிடையாது. சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் தானியம் விற்கும் தவசக் கடை வைத்திருக்கிறார். கேழ்வரகு கேட்டுப் போனால், 'ரைஸ்' நம் அரிசியில் இருந்து போன கதையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கதையை மட்டும் வாங்கிக்கொண்டு கேழ்வரகை மறந்து, வீட்டில் திட்டு வாங்கியவன் நான்.

அவர் வாயே திறக்காமல் இருந்தது மகள் செல்வியிடம் மட்டும்தான். அயர்லாந்தில் நர்ஸாக இருந்தவள், அந்த ஊர்ப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். அன்று போனை வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. அப்பா சரி என்று சொல்லாமல் கட்ட மாட்டேன் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு.

ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது என் போனில் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் அந்தப் பையன். "சித்தப்பா, அப்பாட்ட குடுங்க." அழுதிருந்தாள், முகத்திலேயே தெரிந்தது. போனை அண்ணாச்சி கையில் திணித்தேன்.

அவர் கம்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவங்க வீட்டுல என்ன வெதைக்காவ?"

"ஓட்ஸ்ப்பா."

"அது இங்கிலீஷு. அவன் பாஷையில என்னன்னு கேளு."

பையனே சொன்னான். "கொர்க்கெ."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "கொற்கை! நம்ம பாண்டியன் துறைமுகம்வே. முத்து போன கப்பல்ல தவசமும் போயிருக்கு. மூட்டை எந்த ஊருன்னு கேட்டிருப்பான், கொற்கைன்னிருப்பாவ. அதையே பேரா வச்சுக்கிட்டான்."

செல்வி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பையன் வெள்ளந்தி. வேல்ஸ்காரர்கள் 'கெய்ர்க்' என்பார்கள், அதுவும் இதுவும் ஒரே குடும்பத்துச் சொல், அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கே உறுதியாகத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னான். செல்வி தலையில் கை வைத்தாள். காரியம் கெட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

"தெரியலைன்னுதான சொல்லுதான்," என்றார் அண்ணாச்சி நிதானமாக. "தெரிஞ்சவன் நான் சொல்லுதேன். நம்ம தவசத்தைத் தின்னு வளந்த பய எப்படிட்டி அந்நியமாவான்? கூட்டிட்டு வா."

கல்யாணம் கோவிலில் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் கொற்கை என்று அண்ணாச்சி பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போனார். கை கழுவுகிற இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, ஓட்ஸ் குளிர் நாட்டுப் பயிரு. கொற்கையில ஏது?"

"தவசக் கடைக்காரனுக்குத் தெரியாதாவே?" என்றார். "மாட்டேன்னு சொன்ன வாயால சரின்னு சொல்லணும்லா. புள்ள அழுதுக்கிட்டு நிக்கா. கையில கெடச்ச வார்த்தையப் பிடிச்சுக்கிட்டேன்."

இப்போதெல்லாம் கேழ்வரகு வாங்கப் போனால், பையை ஓரமாக வைத்துவிட்டு நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.