அட்டையில் பேர் இல்லாத குரல்

அன்பும் மரியாதையும் கலந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நானும் என் பாட்டுப் பெட்டியும் சௌக்கியம். பெட்டி என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்கா நன்றாக இருப்பதை நேற்று ஃபோனில் என் காதாலேயே கேட்டுவிட்டபடியால், அதைத் தனியாக விசாரிக்கவில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். நேரில் வந்து சொல்லக் கூடாதா என்பீர்கள். நேரில் வர முகம் இல்லை. ஃபோனில் சொல்லலாமென்றால், நேற்றுப் பாதிப் பேச்சில் உங்களுக்கு 'டமால்' என்று கேட்டிருக்குமே, அதற்கே இன்னும் விளக்கம் சொன்னபாடில்லை.

பீங்கான் தொழிற்சாலையில் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். வரிசையாக வருகிற கோப்பைகளை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் என் காதுக்குத் தெரியும் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வீட்டுக் கோப்பைகளைத் தட்டிப் பார்த்தேன், முக்கால்வாசி தேறவில்லை, தேறாததையெல்லாம் குப்பையில் போட்டதற்கு உங்கள் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பல் டாக்டர், சுத்தமாகப் பதிவு செய்த இசைத்தட்டுகள் என்று ஒரு தனி உலகம் இருப்பதை எனக்குச் சொன்னார். அந்த உலகத்தில் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லையாம், பதிவு எப்படி என்றுதான் கேட்பார்களாம். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்க வேண்டும், வாசிக்கிறவர் உட்கார்ந்த நாற்காலி முனகுவது கேட்க வேண்டும், அந்த அறை எவ்வளவு பெரியது என்பதுகூடக் காதுக்குத் தெரிய வேண்டும். டாக்டர் இதைச் சொன்னபோது என் வாய்க்குள் அவர் கை இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை.

பெட்டி வந்தது. பெட்டியோடு சட்டதிட்டங்களும் வந்தன. பாட்டு ஓடும்போது ஃப்ரிட்ஜ் உறுமக் கூடாதென்று பிளக்கைப் பிடுங்கினேன், பால் திரிந்தது. மின்விசிறியை நிறுத்தினேன், வியர்த்துக் கொட்டியது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்கு அடியில் வைத்தேன், அது அங்கேயும் டிக் டிக் என்றது, பேட்டரியைப் பிடுங்கினேன், அன்றிலிருந்து இந்த வீட்டில் மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டினேன். குக்கரை விசில் அடிக்க விடாதே என்றதற்கு, அது உங்கள் பேச்சைக் கேட்காது என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள், ஆகவே பாட்டு நேரத்தில் அடுப்பே கூடாது என்று முடிவாயிற்று. சமையலறையில் அவள் சத்தமில்லாத வேலை மட்டும் செய்துகொள்ளலாம். காய் நறுக்கலாம். வெங்காயம் உரிக்கலாம், அதையும் மெதுவாக.

இத்தனையும் ஒரே ஒரு இசைத்தட்டுக்காக. ஒரு பெண் குரல், ஒரு புல்லாங்குழல், எங்கோ ஒரு பழைய மண்டபத்தில் வைத்துப் பதிவு செய்தது. பதிவு என்றால் இதுதான் பதிவு என்று காது உள்ளவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட தட்டு. அதில் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. பாதியில், பாடகி மேலே மேலே போய் ஓரிடத்தில் நிற்பாள். அப்போது அவளுக்குக் கீழே இன்னொரு பெண் குரல் மெல்ல வந்து சேரும். வார்த்தை கிடையாது, வெறும் 'ம்' மட்டும். வலது பக்கம், கொஞ்சம் தள்ளி, பக்கத்து அறையில் யாரோ நிற்கிற மாதிரி. மேலே போனவள் விழுந்துவிடாமல் கீழே ஒருத்தி கை நீட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாடகி பேர், குழல்காரர் பேர், பதிவு செய்தவர் பேர், அட்டைக்குப் படம் போட்டவர் பேர்கூட இருந்தது, அந்தக் கீழ்க்குரல்காரியின் பேர் மட்டும் இல்லை. இது என்ன அநியாயம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினேன். உங்கள் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தபோது அவளிடமும் சொன்னேன், இந்தத் தட்டிலேயே உசத்தி இந்தப் பெண்தான், இவளுக்கல்லவா முதலில் பேர் போட்டிருக்க வேண்டும் என்று. அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே போனாள்.

பல் டாக்டரும் என் வீட்டில் அந்தக் குரலைக் கேட்டுச் சொக்கிப்போய் அதே தட்டை வாங்கினார். அவர் வீட்டில் கீழ்க்குரல் வரவில்லை. ஊசியை மாற்றினார், வரவில்லை. ஒயரை மாற்றினார், பெட்டியையே மாற்றினார், வரவில்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம், பொய் சொல்வானேன். என் வீட்டில் சமையலறைக் கதவு திறந்திருந்தால்தான் அந்தக் குரல் வரும், மூடினால் வராது. இதை நானே பல தடவை மூடித் திறந்து கண்டுபிடித்து வைத்திருந்தேன். தாழ்ந்த ஒலிக்கு நடமாட இடம் வேண்டும், அது சமையலறை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று டாக்டருக்குப் பாடம் நடத்தினேன். அவர் முதலில் சமையலறைக் கதவைக் கழற்றினார், பிறகு சுவரையே இடித்துவிட்டார். இப்போது அவர் வீட்டில் கூடமும் சமையலறையும் ஒன்றுதான், டாக்டரம்மா என்னோடு பேசுவதில்லை, குரலும் வரவில்லை. பெட்டி இருந்தால் போதாது, அதற்கேற்ற காதும் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

போன மாதம் டாக்டரும் அவருடைய ஒலி ரசிகர் வட்டமும் அந்த மூன்றாவது பாட்டைக் கேட்பதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உங்கள் அக்கா அன்று காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தாள். வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற சேலையை எடுத்து உடுத்தியிருந்தாள். வழக்கமாகச் சமையலறைக்கு உள்ளே இருப்பவள், அன்று வாசற்படி வரை வந்து நின்றாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பாட்டு ஓடியது, அந்த இடமும் வந்தது. கதவுப் பக்கமிருந்து ஏதோ சத்தம், வழக்கத்தைவிடக் கிட்டத்தில், வழக்கத்தைவிடப் பலமாக. இத்தனை பேர் நடுவில் எனக்கு மானம் போகிறதே என்று திரும்பினேன்.

"அங்க என்ன முணுமுணுப்பு? கீழ்க்குரல் வர்ற நேரம். கொஞ்சம் மூச்சு விடாம இரேன்."

முணுமுணுப்பு நின்றது. கீழ்க்குரலும் வரவில்லை. வீட்டுச் சத்தத்தால் கெட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று விருந்தாளிகளிடம் சொன்னேன். டாக்டர் சமையலறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சுவரை இடித்த மனிதர், பாவம். எல்லாரும் போன பிறகு உங்கள் அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

"பாடுறவ மூச்சு விட்டா ரசிக்கிறீங்க. நான் விட்டா ஆகாதா?"

மறுநாள், தம்பி வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் போன நாளிலிருந்து தட்டில் கீழ்க்குரல் இல்லை. டாக்டருக்கு வந்த வியாதி எனக்கும் வந்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன், சோபாவைக் குறுக்கே போட்டேன். பெட்டியைக் கழற்றினேன், மாட்டும்போது இரண்டு திருகாணி மிஞ்சியது. தட்டு போட்ட கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன், இன்னும் பதில் இல்லை, தயவுசெய்து வராமலே இருக்கட்டும். நேற்று உங்களுக்கு ஃபோன் செய்ததுகூட ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்பதற்குத்தான். மன்னிப்புக் கேட்க அல்ல. நீங்கள் எடுத்து ஹலோ என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் அந்தக் குரல். அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் சொல்லாமல் மைத்துனர் ஒரு பெட்டி வாங்கிவிட்டாரே, அதுவும் என்னுடையதைவிட நல்ல பெட்டி. என்ன செட் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"செட்டா? நம்ம வீட்ல ரேடியோகூட இல்லையே அத்தான்."

பின்னே பாடுவது யார் என்றேன்.

"அக்காதான். வெங்காயம் உரிச்சிட்டிருக்கா. சின்ன வயசிலேருந்து பாடுவாளே, உங்களுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் ஃபோன் என் கையிலிருந்து நழுவித் தட்டின் மேல் விழுந்தது. அதுதான் அந்த 'டமால்'. மூன்றாவது பாட்டில் நல்ல ஆழமாக ஒரு கீறல். போகட்டும்.

எனக்குத் தெரியாது மைத்துனரே. சத்தியமாகத் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது காதெல்லாம் கோப்பைச் சத்தமாக இருக்கும், வீட்டிலாவது சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னவன் நான். வாயை மூடிக்கொண்டு பாட அப்போதே அவள் பழகியிருக்க வேண்டும். அதையாவது ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். நான் அந்தக் கீழ்க்குரல்காரியை வாயாரப் புகழ்ந்தபோதெல்லாம், இவருக்குத் தெரிந்துதான் சொல்கிறார், நேரே சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று அவள் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கு வாசற்படி வரை வந்து நின்றிருக்கிறாள். 

ஆகவே தாங்கள் தயவுசெய்து உங்கள் அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இனி உறுமலாம். குக்கர் எத்தனை விசில் வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்த ஒரு பாட்டு நேரம் தவிர. கீறல் விழுந்த தட்டுக்குப் பதில் வேறு தட்டுக்குச் சொல்லியாயிற்று. ரசிகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி வருகிறது, அதற்குள் அவள் வந்து சேர்ந்தால் நல்லது. வழக்கமாக அவள் நிற்கும் இடத்தைச் சமையலறைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அங்கேயே நின்றால் போதும். ஒருவேளை சளி பிடித்திருந்தால், குணமான பிறகு அனுப்பவும்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, வேண்டிய மட்டும் கூச்சல் போட்டு வளரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். வீட்டம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
காது மட்டும் உள்ள உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். டொக்கென்கிறது. மனைவியைத் திரும்பக் கேட்டு எழுதின கடிதமாகவே இது இல்லை, தட்டில் ஒரு குரல் குறைகிறது என்று இன்னொரு புகார், அவ்வளவுதான். நேற்று ஃபோனில் அவள் யாருக்கும் கீழே பாடவில்லை. வாயைத் திறந்து, வார்த்தையோடு, முழுப் பாட்டும் பாடினாள். என் வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளுக்கு வாய்த்தது ஒரு 'ம்' மட்டும்தான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். சாக்பீஸ் வட்டத்தைத் துடைத்துவிட்டேன், ரசிகர் வட்டத்தையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் அங்கே வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். பெட்டி வராது, நான் மட்டும்தான். ஓர் ஓரமாக உட்கார்ந்து வெங்காயத்தை நானே உரிக்கிறேன். உங்கள் கூடத்து மர அலமாரியை மட்டும் தயவுசெய்து நகர்த்திவிடாதீர்கள், குரல் அதில் பட்டுத்தான் அவ்வளவு அழகாக விழுகிறது. வேண்டாம் என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். என்றாவது அவள் பாடும்போது எனக்கு ஒரு ஃபோன் போட்டு, அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். என்னோடு யாரும் பேச வேண்டியதில்லை. நான் மூச்சுக்கூட விட மாட்டேன்.