சுவிட்ச் சேச்சியும் நாற்பது பெட்டிகளும்

மட்டாஞ்சேரியில் எந்த வீட்டில், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு மெயின் சுவிட்சை அணைப்பார்கள் என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஜீவன் சுவிட்ச் சேச்சிதான். மின்வாரியத்துக்குத் தெரியாது. அணைக்கிறவருக்கே பாதி நாள் தெரியாது. சேச்சிக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாமெல்லாம் அங்கே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்போம். சேச்சி முதலில் சுவிட்ச்போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் மனிதர்கள் பக்கம் திரும்புவார்.

நான் வேலை பார்த்த குட்டி இன்டர்நெட் கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். மிளகு குடோன் ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். போனில் ‘ஹலோ’ சொல்வதற்கு முன்னால் இரண்டு தும்மல் போடுவது கம்பெனி வழக்கம். சேச்சியின் குடும்பம் நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. அவர் என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் அறுபது வயது தபால்காரர் முதல் அத்தனை பேருக்கும் அவர் சேச்சிதான்.

எந்த அறையை விட்டு வெளியே போனாலும் லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது அவர் சுபாவம். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஒருமுறை மீட்டிங் நடுவில் எழுந்து போனவர் அப்படியே அணைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் முதலாளி, அவரை எல்லாரும் இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம், அந்த வருஷத்துத் திட்டங்களை இருட்டிலேயே சொல்லி முடித்தார். எழுந்துபோய் லைட்டைப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு மே மாதம். சென்னையில் வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை இக்கா மூன்று மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மனைவியும் ஒன்றரை வயது மகளும் மதுரையில். நான் ஒரு தையல் கடைக்கு எதிர்த்த மாடியில் வாடகைக்கு இருந்தேன். பழைய காலத்துச் சுவர். செல்போன் சிக்னல் ஜன்னலோடு நின்றுவிடும். ஆகவே எங்கள் கம்பெனி இன்டர்நெட்தான் எனக்கும் கதி. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் நான் வந்தால்தான் மகள் சோறு சாப்பிடுவாள். நான் இங்கே ‘ஆ’ காட்ட வேண்டும், அவள் அங்கே ‘ஆ’ காட்டுவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்துமூன்றரை மணி நேரத்தையும் நான் சகித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே இக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டார். “மழை வந்தா கறண்ட் போகும். கறண்ட் போனா நம்ம நெட் போகும். நெட் போனா கஸ்டமர் போகும். தெருப் பெட்டி நாப்பதுக்கும் நல்ல பேக்கப் நீங்க நோக்கி எடுக்கணும். மூணு மாசத்துல கம்ப்ளைன்ட் குறைஞ்சா இவிடெ இருக்கலாம். இல்லெங்கில் மதுரை பஸ்.”

தெருப் பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு சந்திலும் ஒரு கடையிலோ வீட்டிலோ எங்கள் கருவி ஒன்று சுவரில் தொங்கும். அந்தச் சந்தின் அத்தனை வீட்டுக்கும் இன்டர்நெட் அதிலிருந்துதான் போகும். கரண்ட், இடம் கொடுத்தவருடையது. இருந்த பழைய பேட்டரிகள் எங்கள் சந்தில் ராத்திரி வரை தாங்கும், பல சந்துகளில் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் கருவியைத் தாங்க, டிபன் பாக்ஸ் அளவில் புதிதாக ஒரு பேட்டரிப் பெட்டி வேண்டும். அதைத்தான் நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் விடுவேனா? எக்செல்லில் பதினேழு மாடல்களைப் போட்டு, கருவி எவ்வளவு இழுக்கும், பேட்டரி எவ்வளவு தாங்கும், வெயிலில் எவ்வளவு குறையும் என்று கலர் கலராகக் கட்டம் கட்டினேன். கடைசியில் ஒரே மாடல் தேறியது. கச்சிதமாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். சரியாக இரண்டு மணி நேரம் தாங்கும். கரண்ட் போனால் ‘கீ கீ’ என்று எச்சரிக்கும். போன் சார்ஜ் பண்ண ஒரு ஓட்டைகூட உண்டு. இக்கா தலையாட்டினார். சேச்சி மட்டும் திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சாரே, இதுல ஆளு எவிடெ?”

“எந்த ஆளு?”

“பெட்டி இருக்கற வீட்டு ஆளு. அவங்களுக்கு ஒரு கட்டம் இல்லியே.”

“கரண்டுக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம் சேச்சி?” என்று சிரித்தேன். சேச்சி சிரிக்கவில்லை. புரொஜெக்டரை அணைத்துவிட்டுப் போனார்.

ஜூன் முதல் வாரம் பழசையெல்லாம் கழற்றிவிட்டு நாற்பது பெட்டிகளையும் மாட்டினோம். இரண்டாவது வாரம் புகார்கள் இரண்டு மடங்காயின. இத்தனைக்கும் மழையே சரியாகப் பிடிக்கவில்லை, ஊரெங்கும் கரண்ட் ஜெகஜோதியாக இருந்தது. முதல் அடி என் தலையிலேயே விழுந்தது. சாயங்காலம் ஏழு மணி. மகள் ‘ஆ’ என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. மறுநாளும் அதே ஏழு மணி, அதே ‘ஆ’. மூன்றாம் நாள் மனைவி ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டு, “பிள்ளை போனைப் பாத்து அழுவுது, சாப்பிட மாட்டேங்குது. உங்க கம்பெனி இன்டர்நெட்டே உங்க வீட்டுக்கு வரலன்னா நீங்க அங்க என்னதான் வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள். பதில் தெரிந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் சந்தின் பெட்டி இருந்த தையல் கடைக்குப் போனேன். தையல்காரர் ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டுவார். பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்துவிடுவார். என் பெட்டி சரியாக இரண்டு மணி நேரம் தாங்கி, ஏழு மணிக்கு உயிரை விட்டிருக்கிறது. என் கணக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

“மெயினை எதுக்கு சேட்டா ஆஃப் பண்றீங்க?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பின்னே? கட பூட்டினா கறண்ட் எதுக்கு?”

கையைப் பிடித்து, மகளின் ஏழு மணிச் சோற்றைச் சொல்லிக் கெஞ்சினேன். இனி அணைக்க மாட்டேன் என்று சத்தியமே செய்தார். மறுநாள் ஐந்து மணிக்கு நான் எதிரிலேயே நின்று பார்த்தேன். என்னோடு பேசிக்கொண்டே அணைத்துவிட்டுப் போனார். முப்பது வருஷப் பழக்கம் அவருடைய கையில் இருந்தது, சத்தியம் வாயில்தான் இருந்தது. போதாக்குறைக்கு, பெட்டி ‘கீ கீ’ என்று கத்துவது பிடிக்காமல் அதை நாலு பிளவுஸ் துணியில் சுற்றி வைத்திருந்தார். பேட்டரி உள்ளே வெந்துகொண்டிருந்தது. சாயாக்கடையில் பெட்டியின் மேல் பால் பாத்திரம். பியூட்டி பார்லரில் அந்த ஓட்டையில் மூன்று பெண்கள் முறை வைத்து போன் சார்ஜ் போட்டார்கள்.

ஜூலை பிறந்தது. இக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் திட்டவில்லை. மதுரைக்கு பஸ் எங்கிருந்து கிளம்புகிறது தெரியுமா என்று மட்டும் அன்பாக விசாரித்தார். மறுபடியும் வேலை போய் மதுரையில் போய் நின்றால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. வெட்கத்தை விட்டு ஸ்டோருக்குள் போனேன்.

சேச்சி ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக மலையாள எழுத்து. எனக்கு அப்போது அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவரே வாசித்தார்.

“சாயாக்கடை. ரெண்டரைக்கு ஆஃப், நாலுக்கு ஆன். வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கே ஆஃப். பியூட்டி பார்லர். ஆஃபே இல்ல. மீன் தொட்டி உண்டு, மீனுக்குக் காத்து வேணும். வாத்தியார் வீடு. மகன் துபாய்லேர்ந்து வந்தா ஏசி ஓடும், ஃபியூஸ் போகும். மகன் டிசம்பர்ல வரும். தையல்கடை. அஞ்சுக்கு ஆஃப், காலைல ஒம்பதுக்கு ஆன்…” இங்கே கொஞ்சம் நிறுத்தி, எதையோ மனசுக்குள் வாசித்துவிட்டு, “பெரிய பெட்டி ரெண்டு வேணும்” என்று முடித்தார்.

“இதையெல்லாம் எப்ப எழுதினீங்க?”

“ஸ்டாக் கொடுக்கப் போறப்ப அவங்ககூடப் பேசுவேன் சாரே. சாருக்கு மீட்டர்கிட்ட பேசத்தான் நேரம்.”

அந்த வாரமே களமசேரியிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி ஆறு மாதிரிப் பெட்டிகளோடு வந்தார். என்னைப் பார்த்து வோல்டேஜ் பற்றி ஆரம்பித்தவரைச் சேச்சி கையமர்த்தினார்.

“இது கத்துமோ?”

“கரண்ட் போனா நல்லா சத்தமா அலாரம் வரும் மேடம்.”

“வேண்டாம். இதுல போன் சார்ஜ் ஆகுமோ?”

“ரெண்டு போன் ஆகும் மேடம்.”

“வேண்டாம். இது மேல சாயா கிளாஸ் நிக்குமோ?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். “நிக்கும் மேடம்,” என்றார் பலவீனமாக.

“நிக்கக் கூடாது. நிக்காத பெட்டி காட்டுங்க.”

கடைசியில் சேச்சிக்குப் பிடித்த பெட்டி, அந்த மனிதரே வெட்கப்பட்டுப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தது. சேற்று நிறம். மேல்பக்கம் கூரை போலச் சரிவு. கத்தாது, மினுங்காது, யாருக்கும் எந்த உபகாரமும் செய்யாது. சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவில் உண்டு. பெரிசே ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். சேச்சி அதன் மேல் தன் சாயா கிளாஸை வைத்துப் பார்த்தார். கிளாஸ் வழுக்கி என் எக்செல் தாள்களின் மேல் கவிழ்ந்தது. “இது மதி,” என்றார். போதும் என்று அர்த்தம்.

நோட்டுப் புத்தகப்படி ஆளுக்கேற்ற பெட்டி போனது. மீன் தொட்டிக்காரர்களுக்குச் சிறிசு, மெயினை அணைக்கிறவர்களுக்குப் பெரிசு. தையல் கடைக்கு இரண்டு பெரிசு. பெட்டிகளை ஸ்கூட்டரின் முன்னால் அடுக்கிவைத்துக்கொண்டு சேச்சியே கொண்டுபோய் மாட்டினார். என் அறை ரௌட்டருக்கும் ஒரு சிறிசு கொடுத்து, “டெஸ்டுக்கு,” என்றார். ‘என்ஜினீயர் என்பதால் என்னிடம் டெஸ்ட் பண்ணுகிறார்கள்’ என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் பேய்மழை. சுள்ளிக்கல் பக்கம் மரம் விழுந்து சாயங்காலம் எல்லார் வீட்டிலும் கரண்ட் போய்விட்டது. ஏழு மணிக்கு மதுரையைக் கூப்பிட்டேன். மகள் வந்தாள். ‘ஆ’ என்றாள். வாயை மூடி மென்றாள். அன்று அவள் ஒரு கிண்ணம் பருப்புச் சோற்றையும் சாப்பிட்டு முடிக்கும்வரை முகம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாள் ஆபீசில் ஒரு புகார் இல்லை. இக்கா பஸ் பேச்சை அதோடு விட்டார். நானும், எப்படியோ மாடல் தேர்வில் ஜெயித்துவிட்டோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் முழுக்க பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து மலையாள எழுத்தைப் பழகினேன். தேவரா, தோப்பும்படி, களமசேரி என்று ஒவ்வொன்றாக. ஒருநாள் ஸ்டாக் சரிபார்க்க ஸ்டோருக்குப் போனபோது சேச்சியின் நோட்டு மேஜையில் கிடந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தால், ஆச்சரியம், எழுத்துதான் மலையாளம், பாஷை நம் தமிழ். தையல் கடைப் பக்கத்தில், அன்றைக்கு அவர் வாசிக்காமல் விட்ட வரிகள் இருந்தன.

‘எதிர் மாடியில் என்ஜினீயர் சார். ஏழு மணிக்கு மகள் சோறு உண்ணும். முகம் நிக்கக் கூடாது. அறைக்கும் ஒரு சிறிசு, டெஸ்டுக்குன்னு சொல்லணும்.’

மகளைப் பற்றி நான் சேச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சேச்சி உள்ளே வந்தார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சேச்சி.”

“சொல்லியிருந்தா சார் அதையும் எக்செல்ல போட்டு ரெண்டு மணி நேரம்னு எழுதியிருப்பீங்க,” என்றபடி நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தார்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சாயா குடிக்கப் போகலாமா?” என்றுதான் வந்தது. வெளியே வரும்போது, அவர் கை போவதற்குள் ஸ்டோர் ரூம் லைட்டை நானே அணைத்தேன். சேச்சி முதல் தடவையாக, சுவிட்ச்போர்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.