கறுக்காத காது

முகம் கறுத்துவிட்டது, காது கறுக்கவில்லை. ஏரியில் மீன் பிடிக்கும் தோணிரேவு ஸ்டீபனுக்கு வந்த கஷ்டம் அதுதான்.

போன வருஷம் படகு மோட்டாரில் கயிறு சுற்றி அவருடைய வலது காது போனது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சிலிகானில் வேறு காது செய்து கொடுத்தார்கள். சும்மா இல்லை, ஆறு நடை! ஒவ்வொரு நடையும் மாஸ்க் போட்ட ஓர் ஆள் காதைக் கன்னத்தோடு வைத்துக் காட்டுவான். கூடப் போன மகள் ஜெபசெல்வி, "கலர் சேரல நைனா" என்று உதட்டைப் பிதுக்குவாள். ஆறாவது நடையில்தான் அவளுக்கு மனசு வந்தது.

அது மழைக்காலம். இப்போது கோடை. ஏரி வெயிலில் ஸ்டீபன் கரியாகிவிட்டார். காது மட்டும் வீட்டோடு இருந்த மாதிரி வெளுப்பாக இருந்தது. அதுவும் இன்றைக்கா? இன்னும் மூன்று மணி நேரத்தில் ஜெபசெல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு மெட்ராஸில் மாதச் சம்பளம். விட்டால் இப்படி ஓர் இடம் அமையாது.

"ஒட்டுக் காதுனு தெரிஞ்சா, எந்த அடிதடில போச்சுனுதான் கேப்பாங்க" என்று புலம்பினார் ஸ்டீபன்.

"டீத்தண்ணில ஊறப் போடுய்யா, கறுத்துடும்" என்றாள் மனைவி செசிலியா.

ஒரு மணி நேரம் ஊறியது. டீதான் ஆறியது.

"இரு, இறாலுக்குக் கலக்கின மசாலா இருக்குது" என்று அதில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தாள். காது நன்றாகவே பிடித்துக்கொண்டது. மஞ்சளும் சிவப்புமாக, வாணலியில் போடாத குறை.

"நாசமாப் போச்சு! இன்னாடி இது?"

சோப்புக்கு அசையவில்லை. மோட்டார் கிரீஸையே எடுக்கும் கெரசின் இதை எடுக்காதா என்று ஸ்டீபன் காதை அதில் முக்கி வைத்தார். கறை கொஞ்சம் போனது. ஆனால் காது ஊத ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தபோது அப்பளம் அளவுக்கு இருந்தது.

"ஐயோ நைனா! கெரசின் படவே கூடாதுனு எத்தினி தபா சொன்னாங்க!" என்று கத்தினாள் ஜெபசெல்வி.

"உன்கிட்ட சொன்னா எனக்கு எப்டி தெரியும்?"

கழுவித் துடைத்து, பசை போட்டு ஒட்டி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டார். கெரசின் பட்ட காதில் பசை சரியாகப் பிடிக்கவில்லை, துண்டுதான் தாங்கிப் பிடித்தது.

பையன் பிராங்க்ளினும் அவன் அம்மா ரோஸ்மேரியும் வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டீபன் இறால் வறுவல் தட்டை நீட்டிக் குனிந்தார். துண்டு நழுவியது. காது தட்டில் விழுந்தது.

ரோஸ்மேரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். செசிலியா கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

"சத்தியமா அடிதடி இல்லம்மா, மோட்டார்ல போச்சு" என்றார் ஸ்டீபன். "என்னைப் பாத்து எம் பொண்ண வேணாம்னு சொல்லிடாதீங்க."

பிராங்க்ளின் காதை எடுத்து மோந்து பார்த்தான். "கெரசினா மாமா?" என்று கைக்குட்டையால் துடைத்தான். ஜெபசெல்வி அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

"வேற செஞ்சு தரேன், இந்தத் தபா ஒரே நடைல முடிச்சிடலாம்" என்றான். "போன தபாவும் மொத நடைலயே கலர் சரியாத்தான் இருந்துச்சு."