கைக்கு மட்டும் கேட்கும் மணி

இனிமேல் எந்தச் சபையிலும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை என்று அருளப்பு சத்தியம் பண்ணினார். அந்தச் சத்தியத்தை மனைவி மார்கிறட்டுக்கு விளக்கிச் சொல்ல அவருக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

அருளப்பு ஓய்வுபெற்ற தபாலதிபர். கல்லடியில் வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். முப்பது வருசம் ஊராருடைய கடிதங்களுக்கு வாய் திறக்காமல் முத்திரை குத்திய மனிதர், ஓய்வு கிடைத்த அன்று வாயைத் திறந்தார். பிறகு மூடவேயில்லை. கடைசியாக ஒரு கலியாண வீட்டில் வாழ்த்துரை சொன்னபோது மாப்பிள்ளையே கொட்டாவி விட்டான். அதன் பிறகு எட்டு மாதமாக அவரை ஒருவரும் பேச அழைக்கவில்லை.

மிஞ்சியிருந்த ஒரே சபை அவருடைய கூட்டாளி வினாயகமூர்த்தி. பின்னேரங்களில் இருவரும் வாவிக்கரையில் குந்தியிருப்பார்கள். அருளப்பு பேசுவார். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் வினாயகமூர்த்தி, "மறுகா?" என்பார். பிறகு என்ன நடந்தது என்று கேட்கிற அந்த ஒரு சொல் போதும், அருளப்புவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடிவிடும். அந்த மனிதர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அருளப்பு அதன் பிறகும் இரண்டு நாள் வாவிக்கரைக்குப் போய்ப் பார்த்தார். தனியே இருந்து பேசினால் சனம் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்று வந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியத்தில் கூட்டாளியைப் பற்றிப் பேசவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். வினாயகமூர்த்தியின் மகன் சுதாகரன் தலையைச் சொறிந்தான்.

"பத்து நிமிசம் மாமா. அதுக்கு மேல வேணாம்."

வழக்கமாக நேரம் காட்டுவது மார்கிறட். முன்வரிசையில் இருந்துகொண்டு முதலில் இருமுவாள். பிறகு சேலைத் தலைப்பால் விசிறுவாள். கடைசியில் எழும்பி நின்று செருப்பைத் தேடுவாள். சபை முழுக்க அவரை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும். இந்தத் தடவை அந்த மானக்கேடு வேண்டாமென்று அருளப்பு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனார். போன் கடை ஜிப்ரி ஒரு கறுப்புக் கைப்பட்டியை எடுத்து வைத்தான்.

"இதக் கையில கட்டுங்க சேர். சத்தம் வராது. அஞ்சு நிமிசத்துல ஒருக்கா அதிரும். எட்டுல ரெண்டு தரம். பத்துல மூணு தரம். ஒங்கட கைய விட்டா வேற ஆருக்கும் தெரியா."

"என்ட பொஞ்சாதிக்கும்?"

"அவங்களுக்கும்தான். ஆனா நேரத்தப் பதிய, அதிர வைக்க நல்ல போன் ஒண்டு வேணும் சேர்."

அருளப்புவிடம் இருந்தது பட்டன் போன். வீட்டில் நல்ல போன் மார்கிறட்டிடம்தான்.

"இஞ்ச பார் மார்கிறட், இனி நீ இருமத் தேவையில்ல."

"அப்ப நான் வரத் தேவையில்லயா?"

"விருப்பமெண்டா வா. இருமாம இரு."

"நேரத்த ஆரு பதியிற?"

"நீதான். ஒன்ட போன்தானே."

"அப்ப சரி" என்றாள் மார்கிறட்.

அவள் இவ்வளவு சுருக்கமாக ஒத்துக்கொண்டபோது ஒரு புருசனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அருளப்புவுக்குப் பெருமைதான் வந்தது.

உரையை ஒரு கிழமை எழுதினார். பிறப்பு, பள்ளிக்கூடம், உத்தியோகம், கலியாணம் என்று அடுக்கி, அந்த "மறுகா"வை ஏழாவது நிமிடத்தில் வைத்தார்.

அன்றைக்குச் சபை நிறைந்த சனம். மார்கிறட் நல்ல பிள்ளையாகக் கடைசி வரிசையில் போய் இருந்தாள். வினாயகமூர்த்தி பிறந்ததும் பட்டி ஒருக்கால் அதிர்ந்தது. பள்ளிக்கூடம் போகையில் இரண்டு தரம். நேரம் எப்படிப் பறக்கிறது என்று அருளப்பு அதிசயப்பட்டார். உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடுவதற்குள் மூன்று தரம் அதிர்ந்துவிட்டது. சத்தியம் சத்தியம்தான். "நன்றி, வணக்கம்" என்று இறங்கினார். சபைக்கு நம்ப முடியவில்லை. செத்த வீட்டுக் காரியம் என்பதை மறந்து யாரோ கைதட்டினார்கள்.

சுதாகரன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "நல்லாப் பேசினீங்க மாமா. கனடாவுக்கு அனுப்ப வீடியோ எடுத்தன். நாலே நாலு நிமிசம்!"

"எத்தின?"

"நாலு மாமா."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அருளப்பு வெடித்தார்.

"நாலு நிமிசம்! என்ட கூட்டாளிக்கு ஒரு வேலகூட எடுத்துக் குடுக்காம இறங்கிட்டன்!"

"சுதாகரன்ட தாய் சீதேவியக்கா விடியத்தொட்டுப் பச்சத்தண்ணி குடிக்கல்ல. புருசனப் பறிகுடுத்த மனிசி. நீங்க முடிச்சாத்தான் அவ கையில சோறு. அதான் பத்த நாலாக்கினன்."

கோபம் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"முக்கியமானதச் சொல்லல்ல மார்கிறட். அவன் ஒராள்தான் என்னட்ட மறுகா எண்டு கேட்டவன். இனி ஆரு கேப்பாங்க?"

"நான் கேக்கிறத்துக்கு நீங்க எங்க நிப்பாட்டினீங்க?"

அருளப்பு நிமிர்ந்து பார்த்தார். மார்கிறட் விடவில்லை.

"என்னட்ட ஆரு கேட்ட? பாறூக் மீன் கொண்டு வாற நேரம் கேற்றடியில ரெண்டு சொல்லுக் கதைப்பன். ஒரு நாளைக்கு என்ட கதை அவ்வளவுதான். மீன் தேவையில்லாட்டியும் வாங்குவன், அவன் கொஞ்ச நேரம் நிக்கட்டுமெண்டு."

ஒரு வருசமாக நாள் தவறாமல் திரளி மீன் குழம்பு. அதைக் கண்டித்து அவர் சாப்பாட்டு மேசையில் ஓர் உரைகூட ஆற்றியிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இரண்டு பேரும் கேட்க ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறார்கள். அவர் வாவிக்கரைக்குப் போய் வந்தார். அவளுக்கு வாசல் கேற்றடி மட்டும்தான்.

"சொல்லு மார்கிறட். எல்லாத்தயும் சொல்லு. நான் கேக்கிறன்."

மார்கிறட் கதிரையை இழுத்துப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, கலியாண நாளிலிருந்து தொடங்கினாள். கலியாணம் நடந்தது ஒரு சித்திரை மாதம். அவள் வைகாசி என்றாள். சின்னப் பிழைதான். அதை மட்டும் திருத்திவிடுவோமென்று அருளப்பு வாயைத் திறந்தார்.

பட்டி கழற்றாத கை மூன்று தரம் அதிர்ந்தது.