சேலத்தில் மட்டும் ஓடிய ஃப்ரிட்ஜ்

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏற்காட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதோடு மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை என்று எதுவானாலும் வாழவந்தியிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். ஊரார் காகிதத்திலுள்ள பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிற நான், என் வீட்டு ஃப்ரிட்ஜின் வாரண்டி கார்டை மட்டும் படிக்கவே இல்லை. மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் மடித்து வைத்திருந்தேன்.

அந்த ஃப்ரிட்ஜை ஒரு மே மாதத்தில் சேலத்தில் வாங்கினோம். இரண்டு கதவு. மேல்கதவைத் திறந்தால் ஃப்ரீசர். என் மனைவி ஷமீம் அதில் காப்பி ஐஸ்கிரீம் செய்தாள். தலைச்சோலையில் தோட்டம் வைத்திருக்கும் பொன்னுசாமி அண்ணன் கொடுத்த கொட்டையை வறுத்து அரைத்து, டிகாஷன் இறக்கி, பாலும் கிரீமும் சேர்த்துச் செய்தது. சாப்பிட்டவர்கள் எல்லாம் கப்பை வழித்து நக்கினார்கள். அந்தப் புகழ் அவளுக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை.

டிசம்பரில் ஷமீமின் தம்பி யாசினுக்கு நிக்காஹ். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு வலிமா விருந்து. "விருந்துக்கு ஐஸ்கிரீம் நம்ம பொறுப்பு" என்று பெண் வீட்டாரிடம் அறிவித்தது நான்தான். (செய்யப் போகிறவளைக் கேட்கவில்லை. அதற்கான தண்டனை தனியாகக் கிடைத்தது. அதை இங்கே எழுத முடியாது.)

ஷமீம் நான்கு பெரிய டப்பா நிறைய செய்து ஃப்ரீசரில் அடுக்கினாள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கல்யாண வீடு, ஆளாளுக்குக் கதவைத் திறந்தால் குளிர் வெளியே போய்விடுமே! ஒரு வெள்ளைத் தாளில் 'வலிமா வரை திறக்கக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை ரப்பர் ஸ்டாம்பையும் குத்தி, கதவின் குறுக்கே ஒட்டினேன்.

"ஏனுங்க, ஒருக்கா தொறந்து பாத்துட்டு ஒட்டலாமுல்ல?" என்றாள் ஷமீம்.

"சீல் வெச்சா வெச்சதுதான்" என்றேன்.

மூன்று நாள் கழித்து, பந்தலில் பிரியாணி முடியும் நேரத்தில், யாசினைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சீலைக் கிழித்தேன். டப்பாவை எடுத்தேன். உள்ளே 'சளக்' என்றது. நான்கு டப்பாவும் சளக்.

"மச்சான், இது ஐஸ்கிரீமா, பாயசமா?" என்றான் மாப்பிள்ளை.

பந்தலில் எல்லோரும் கப்பும் கரண்டியுமாகக் காத்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல் ஒரு கப்பில் ஊற்றி முதல் ஆளாக இருந்த பொன்னுசாமி அண்ணனிடம் நீட்டினேன். வெளியே மூடுபனி. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பந்தலுக்கே கேட்கிற மாதிரி, "காப்பி நொம்ப நல்லா இருக்குதுங்க பாய். ஆனா ஆறிப் போயிருச்சு. கொஞ்சம் சுட வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

ஷமீம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான்கு டப்பாவையும் வாங்கிக்கொண்டு போய் பிரியாணி அடுப்பில் ஒரு தேக்சாவை ஏற்றி அத்தனையையும் கவிழ்த்தாள். ஐந்து நிமிடத்தில் ஆவி பறக்கக் காப்பி வந்தது. எல்லோரும் இரண்டாவது கப் கேட்டார்கள். பெண்ணின் மாமா என்னைத் தனியே அழைத்து, "காப்பி ஏ ஒன்னுங்க. ஐஸ்கிரீம் எப்ப வரும்?" என்றார்.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று கால்மணி நேரம் அழுத்தியபின் ஒரு பெண் பேசினார். "சார், ஹில் ஏரியாவுக்கு விசிட் இல்லைங்க சார். சேலம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்துருங்க சார்."

"ஃப்ரிட்ஜையா? அது என்ன வாட்சா, கையில கட்டிட்டு வர?"

"ஆமாங்க சார்" என்றார். எதற்கு ஆமாம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பொன்னுசாமி அண்ணனின் ஜீப்பில் ஃப்ரிட்ஜை நிற்க வைத்துக் கட்டினோம். அது சாயக் கூடாது என்பதால் நான் பின்னால் நின்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். எதிரே ஏறி வந்த சுற்றுலா பஸ்ஸிலிருந்து ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன. ஒரு குழந்தை கையாட்டியது. பதிலுக்கு ஆட்ட எனக்குக் கை இல்லை.

சர்வீஸ் சென்டரில் செல்வராஜ் என்று ஒரு டெக்னீஷியன் இருந்தார். சாந்தமான மனிதர். ஃப்ரிட்ஜைக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்றார். அந்த இடைவெளியில் நான் பேசத் தொடங்கினேன். நுகர்வோர் உரிமை, நம்பிக்கைத் துரோகம், கல்யாண வீட்டு மானம் என்று வரிசையாக. பில் கட்ட வந்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்டார்கள். கேட்க ஆள் இருந்ததால் இன்னும் பேசினேன். கரண்ட் கொடுத்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து நானே ஃப்ரீசரில் வைத்தேன். கதவின் குறுக்கே தாள் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். (ரப்பர் ஸ்டாம்பும் பையில் இருந்தது.)

சாயந்திரம் செல்வராஜ் கூப்பிட்டார். "பாய், நீங்களே தொறந்து பாருங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? இந்தத் தண்ணி உறையலைன்னு என் தலையில கவுத்தே காட்டறேன்" என்று சொல்லி, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தபடியே டம்ளரை எடுத்து உச்சந்தலைக்கு மேல் கவிழ்த்தேன்.

தண்ணீர் விழவில்லை. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. 'ஏன் விழவில்லை' என்று நான் அண்ணாந்து பார்த்தேன். சரியாக அந்த நேரம் கைச்சூட்டில் விட்டுக்கொண்ட ஐஸ் கட்டி, டம்ளர் வடிவம் மாறாமல், நெற்றியில் வந்து இறங்கியது.

கூட்டம் சிரித்ததா என்று கேட்காதீர்கள். பொன்னுசாமி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்புக்கே போய்விட்டார். செல்வராஜ் மட்டும் சிரிக்காமல் அதே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, புடைத்திருந்த என் நெற்றியில் ஒத்தடம் கொடுத்தார். அந்த ஃப்ரிட்ஜால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

மறுபடி இருபது வளைவுகள். மேலே வந்து சமையலறையில் வைத்தோம். மறுநாள் டம்ளரில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்று சேலத்தில் இனி யாரும் நம்ப மாட்டார்கள். ஷமீமுக்குக் கூடச் சந்தேகம் வந்து, "நீங்க சுவிட்ச் போட்டீங்கதான?" என்றாள்.

நான்கு பக்கத்துக்கு மனு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் நான்கு வரியில் வந்தது. இந்த ஃப்ரிட்ஜ் பதினாறு டிகிரி முதல் நாற்பத்து மூன்று டிகிரி வரை உள்ள அறைகளுக்கானது, வாரண்டி கார்டின் பின்பக்கம் பார்க்கவும், தங்கள் ஊர் குளிர்ச்சியானது, எனவே வாரண்டி பொருந்தாது, புகார் முடிக்கப்பட்டது. மிக்ஸியைத் தூக்கி, கார்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். இருந்தது. எறும்பு அளவு எழுத்தில் பதினாறு என்றே இருந்தது. அதாவது ஃப்ரிட்ஜில் கோளாறு இல்லையாம். ஊரில்தான் கோளாறாம்!

எட்டுப் பக்கத்துக்கு அடுத்த மனுவை ஆரம்பித்தேன். ஷமீம் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். செல்வராஜைக் கூப்பிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, பில்லுல ஏற்காடுன்னு எழுதி, ஏற்காட்டுக்கு வண்டி ஏத்தி அனுப்புனது உங்காளுங்கதான? சேலத்துலதான் ஓடும்னா, சேலத்தையும் சேத்தி டெலிவரி பண்ணியிருக்கோணுமில்லீங்க?"

"நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு நானே வர்றேனுங்க அக்கா" என்றார் செல்வராஜ்.

வந்தார். இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. எங்கள் சமையலறையில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். பன்னிரண்டு காட்டியது. "இந்த ஊட்டுலயா குடியிருக்கறீங்க?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். பிறகு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு, ஒரு சின்ன மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"பாய், ரூமே சில்லுன்னு இருக்கறதால, கீழ் அறை குளுந்தாச்சு, போதும்னு மிஷின் படுத்துக்குது. அது படுத்துட்டா மேல ஃப்ரீசர் உருகிரும். அந்த மாதிரி நேரத்துல அத எழுப்பி விடத்தான் உள்ள ஒரு சின்ன ஹீட்டர் வெச்சிருப்பாங்க. உங்களுதுலயும் ஹீட்டர் இருக்குது. ஆனா ஃபேக்டரிலயே ஒயர மாட்டாம அனுப்பிட்டாங்க."

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஹீட்டரா?"

"ஆமாங்க. உங்கூர்க் கோடைக்கும் சேலத்து வெக்கைக்கும் அது தேவைப்படல. அதனால அங்க யாருக்கும் தெரியல."

நான் பொய்யனில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். (ஃப்ரிட்ஜைப் பிடித்துப் பழகிய கை.) அவர் ஒயரை மாட்டினார். 'தயாரிப்புக் குறைபாடு' என்று ரிப்போர்ட்டில் எழுதி, தானே கையெழுத்தும் போட்டார். கம்பெனி அந்தப் பாகம் முழுவதையும் இலவசமாக மாற்றிக் கொடுத்து, வாரண்டியையும் ஒரு வருடம் நீட்டியது. என் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு மனு எழுதலாம் என்றேன். ஷமீம் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். வருடங்கள் ஆகியும் குடும்பம் விடவில்லை. தன் மகன் விருந்தாளிகள் முன்னால் வாயைத் திறக்காவிட்டால், "மச்சான், இவனச் சேலத்துக்கு எறக்கிப் பாப்பமா?" என்கிறான் யாசின். என் மகள் பரீட்சையில் குறைவாக வாங்கினால், "சேலத்துல எழுதியிருந்தா செண்டம் வாங்கியிருப்பேன் அத்தா" என்கிறாள்.

போன மாதம் எனக்கு முழங்கால் வலி. ஒரு வாரம் நொண்டி நொண்டி நடந்துவிட்டு, ஷமீமோடு பஸ் ஏறிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் மடக்கச் சொன்னார், மடக்கினேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன். உட்கார்ந்து எழச் சொன்னார், எழுந்தேன். வலியே இல்லை. "கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர், சத்தியமா மேல வலிச்சுதுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பின்னாலிருந்து ஷமீமின் குரல் மட்டும் வந்தது.

"டாக்டர், இவருக்கும் உள்ள ஒயர மாட்டாமயே அனுப்பிட்டாங்களான்னு கொஞ்சம் பாருங்க. வாரண்டி முடிஞ்சு நொம்ப வருசமாச்சு."