விளக்கெண்ணெய் நிறுத்திய கப்பல்

நாலு எழுத்து படித்துவிட்டால், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் நமக்கு வாய் வராது. என் அனுபவம் அப்படித்தான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இலங்கைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அண்ணன், அங்கேயே எனக்கு வாத்தியார் வேலை பிடித்துக் கொடுத்தான். குடும்பத்தோடு வந்தால்தான் தோட்டத்தில் வீடு கொடுப்பார்கள். தச்சநல்லூர் வாடகை வீட்டை ஒழித்து, சட்டி பானையைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா, மனைவி சாராள், நான் மூவரும் தூத்துக்குடிக்கு வந்தோம். (ஊரார் வேதக்கோயிலில் பாட்டுப் பாடி, அழுது வழியனுப்பியிருந்தார்கள்.)

கப்பலேறுமுன் அங்குள்ள முகாமில் தொற்றுநோய் ஏதும் உண்டா என்று டாக்டர் சோதிப்பார். அன்று விடியற்காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் பேதிக்குக் குடித்து வயிற்றைக் கழுவுவது வழக்கம். கடல் பயணத்துக்குக் கேட்க வேண்டுமா? விளக்கெண்ணெய்ப் புட்டியையும் கரண்டியையும் எடுத்தேன்.

"வயிறு சுத்தமா இருந்தா கப்பல்ல கொமட்டாது."

"டாக்டர் பாத்த பெறகு குடிச்சா என்ன?" என்றாள் சாராள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாமக் குடி."

சோதனை வரிசையிலிருந்து முதலில் அம்மா ஓடினாள். பிறகு சாராள். பிறகு நான், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்றாம் முறை நான் திரும்பி வந்தபோது, வரிசையே எங்களைவிட்டு விலகி நின்றது.

"வாந்திபேதி மாதிரி இருக்கு. இந்தக் குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. ஊருக்கு அனுப்புங்க," என்றார் டாக்டர்.

எந்த ஊருக்கு? எந்த வீட்டுக்கு? கஞ்சி காய்ச்ச ஒரு சட்டி கிடையாது. கொழும்புத் துறைமுகத்தில் அண்ணன் காத்துக்கொண்டிருப்பான். மூட்டைகளின் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

"ஏலே, மரம் மாதிரி நிக்கியே. போய் உள்ளதைச் சொல்லுலே," என்றாள் அம்மா.

போனேன். வாத்தியாராகப் போகிறவன், பேதிக்குக் குடித்த கதையைப் பெரிய மனுஷர் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஐயா, உதரத்தில் சிறிது அசௌகரியம்."

"எப்ப இருந்து?"

"வைகறை முதல்."

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எங்கள் மூட்டைகளின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவச் சொன்னார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாராள் என்னைப் பைய ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"டாக்டரய்யா, சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. விளக்கெண்ணெய் குடிச்சிருக்கோம். இவுகதான் ஊத்திக் குடுத்தாக. நெறைய ஊத்திட்டாக." முந்தானையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இதை ஏன் வே மொதல்லயே சொல்லல?"

எங்களைத் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். எண்ணெய் அடங்கியதும் மறுபடி சோதித்து, அடுத்த கப்பலில் அனுமதி கொடுத்தார்கள். கப்பலில் அம்மாவும் சாராளும் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் கொழும்புவரை வாந்தியெடுத்தேன்.

இப்போதும் எங்கள் பிள்ளைகள் யாராவது வெளியூர் கிளம்பினால் சாராள் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்:

"சத்தங்காட்டாமப் போயிரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா கரண்டியோட வந்துருவாக."