பஸ் ஸ்டாப்பில் நிற்கும் என் ஃபிளெக்ஸ்

ஞாயிறு இரவு

அன்புள்ள ராயப்பராஜ் மாமாவுக்கு, மரியசெல்வி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் இல்லை. அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருப்பதால், யாருக்கும் தெரியாமல் அறிவியல் நோட்டுத் தாளில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எனக்குச் சடங்கு எதுவும் வைக்கவில்லை. பட்டுப்பாவாடை, சீர்த்தட்டு என்று ஒன்றும் வாங்கிவிடாதீர்கள். எங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஃபிளெக்ஸை யாராவது உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள்.

போன மாதம் விடியற்காலையில் அம்மாவும் நானும் பூப்பறிக்கப் போனபோது, பைக்கில் வந்தவர்கள் அம்மாவின் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா, பின்னால் உட்கார்ந்திருந்தவன் முகத்தை நான் மட்டும் பார்த்தேன் அல்லவா? இப்படிக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைக் கௌரவித்து அவர்களுடைய உரிமைகளை ஊருக்கு எடுத்துச் சொல்ல மகளிர் குழு இன்று விழா நடத்தியது. குழுத் தலைவி மகேஸ்வரி அக்கா நல்ல எண்ணத்தில் என் போட்டோவை ஃபிளெக்ஸ் கடையில் கொடுக்க, பெண் பிள்ளை போட்டோ என்றதும் கடைக்காரர் யோசிக்காமல் சடங்கு ஃபிளெக்ஸில் ஒட்டிவிட்டார். இரண்டு பக்கமும் மயில், தலைக்கு மேல் தாமரை, கீழே ‘ஒரே சாட்சி, வீரமங்கை மரியசெல்வி, ஒன்பதாம் வகுப்பு’. தொப்பம்பட்டிச் சித்தப்பா பழத்தட்டோடு வந்து இறங்கி, அப்பாவிடம், “ஏனுங்க, பந்தி எங்கீங்க?” என்றார்.

மைக்செட் பழனிக்குமார் அண்ணன் கபடிக்கு வர்ணனை சொல்பவர். அதே குரலில், “இதோ வாரா, திருடன் மொகத்த நேருக்கு நேரா பாத்த சிங்கக்குட்டி! தண்ணித் தொட்டிக்கு அடுத்த வீடு, பச்சக் கதவு!” என்று நாலு ஊருக்குக் கேட்கும்படி கத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் பிடிபட்டு, இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான் மாமா. நான்தான் கோர்ட்டில் அடையாளம் காட்ட வேண்டும். அப்பாவிடம் பயமாக இருக்கிறது என்றேன். கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார்.

அப்புறம் சால்வை. சிறப்பு விருந்தினர் பின்னாலிருந்து வந்து அம்மாவின் கழுத்தில் ஒரே வீச்சாகப் போட்டார். அம்மா “ஏலே, விடுறா!” என்று அலறி முழங்கையால் விட்ட இடியில், அவருடைய கண்ணாடி பறந்து மேடையோரம் இருந்த சாம்பார் அண்டாவில் விழுந்தது. சனம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் அம்மா இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். செயின் அறுத்த காயம் ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கடைசியில் திண்டுக்கல் வக்கீலம்மா, “சாட்சி யாருன்னு வெளிய தெரியவிடக் கூடாது” என்று பேசினார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஃபிளெக்ஸில் நான் மயிலோடு நின்றேன். பந்தி தொடங்கிவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

ஆகையால் மாமா, சனிக்கிழமை வந்து என்னைக் குஜிலியம்பாறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கோர்ட்டில் கேட்டால், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். தெருவில் எந்த பைக் போனாலும் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அவளே அன்றிலிருந்து இருட்டிவிட்டால் வாசலைத் தாண்டுவதில்லை.

உங்களுக்கும் அத்தைக்கும் அந்தோணியார் துணையிருக்க வேண்டிக்கொள்ளும்,
மருமகள் மரியசெல்வி

பி.கு.: மாமா, வர வேண்டாம். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“இருட்டா இருந்துச்சாக்கும்? நீ பாத்தயா, இல்லையா?”

“பாத்தேம்மா.”

“அப்ப பாத்தேன்னே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன். வக்கீலம்மா நம்பர் வாங்கி வச்சிருக்கேன், விடிஞ்சதும் போன் போடுவோம். மொதல்ல அந்தக் கருமத்தக் கீழ எறக்கணும்.”

அரிவாளை எடுத்துக்கொண்டு மகேஸ்வரி அக்கா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். அக்கா, “எம்புத்தியச் செருப்பால அடிக்கணும் சகாயராணி” என்று அம்மாவிடம் அழுதுகொண்டே ஏணியைத் தூக்கி வருகிறார். அப்பா குறட்டை விடுகிறார். டார்ச் என்னிடம் இருக்கிறது. அதற்குக்கூடக் காத்திராமல் அம்மா தெரு முனையைத் தாண்டிவிட்டாள். நான் ஓடுகிறேன்.